ஆய்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்த முதல் வருடம் தபால்பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கும். எது பில், எது விளம்பரம், எது அரசாங்கக் கடிதம் என்று பிடிபடாது. அப்படியொரு நாளில் எங்கள் வீட்டுக்குப் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. சுகாதார ஆய்வொன்றில் பங்குபற்ற விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். அம்மா அதைக் குடிவரவுக் கடிதம் என்று நினைத்து, கடவுச்சீட்டுகள் இருந்த பைக்குள் பத்திரப்படுத்திவிட்டார். நான் கண்டெடுத்தபோது அதில் போட்டிருந்த கடைசித் திகதி போய் நான்கு மாதம்.

இப்படிக் கடிதங்கள் உங்களுக்கும் வரும். பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலும் வரும், வைத்தியசாலையில் காத்திருக்கும்போது கையிலும் தருவார்கள். சேருவது உங்கள் விருப்பம். சேர்ந்த பிறகு நடுவில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, மறுத்ததற்காக உங்கள் வைத்தியத்தைக் குறைக்கவும் முடியாது. பல்கலைக்கழக, வைத்தியசாலை ஆய்வுகளை நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதித்த பிறகே தொடங்குவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் குடிசன மதிப்பீடு வேறு கதை. அதை நிரப்புவது சட்டப்படி கட்டாயம்.

உங்களைக் கேட்காமலே நடக்கும் ஆய்வும் உண்டு. ரொறன்ரோவில் 1992 முதல் இயங்கும் ஐசெஸ் நிறுவனம், மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப்பின் பதிவுகளை வைத்து ஆராய்கிறது. பெயரை எடுத்துவிட்டு, அட்டை இலக்கத்துக்குப் பதிலாக ஒரு குறியீட்டைப் போடுவார்கள். 2004இல் வந்த சுகாதாரத் தகவல் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. நிரந்தர வதிவிடம் பெற்றவர்களின் குடிவரவுப் பதிவுகளும், 1985 தொடக்கம், அதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. எந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எந்த நோய் கூட என்று இங்கே கணக்குச் சொல்ல முடிவது அதனால்தான். எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தபிறகு கோபம் பாதி போய்விட்டது.

2011இல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் நீரிழிவு இல்லாத கிட்டத்தட்ட 60,000 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உடல் நிறைச் சுட்டெண் (உயரத்தோடு நிறையை ஒப்பிடும் எண்) 30 உள்ள வெள்ளையருக்கு நீரிழிவு வரக்கூடிய அதே அளவு ஆபத்து, தெற்காசியருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. கிலோவில் சொன்னால் இன்னும் உறைக்கும்: 168 செ.மீ. உயரமுள்ள வெள்ளைக்காரருக்கு 85 கிலோவில் இருக்கும் ஆபத்து, அதே உயரத்தில் நமக்கு 68 கிலோவில். கண்ணாடியில் பார்த்தால் மெலிந்த ஆள்தான்! ஆகவே குடும்ப வைத்தியரிடம் முதல் தடவை போகும்போது, நாங்கள் தெற்காசியர், வீட்டில் இன்னாருக்குச் சீனி வருத்தம் என்று நீங்களாகவே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம், பிரம்ரன், மிசிசாகா இருக்கும் பீல் பிராந்தியத்தில் தெற்காசியத் தாய்மார் ஆயிரம் பேரளவில் சேர்த்து ஆய்வு செய்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் கர்ப்பகாலச் சீனி வருத்தம் இருந்தது. சீனித் தண்ணீர் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

பள்ளிக்கூடப் பக்கம் வந்தால், முதலாம் வகுப்புக்கு முந்திய சீனியர் கிண்டர்கார்டனில் சில வருடங்களில் ஆசிரியர் ஒரு நீண்ட வினாப்பட்டியலை நிரப்புவார். ஈ.டி.ஐ. என்பார்கள். அதுவும் மக்மாஸ்ரரில் உருவானதுதான். உங்கள் பிள்ளைக்குப் புள்ளி போடுவதற்கல்ல, அந்தப் பகுதிப் பிள்ளைகள் மொத்தமாக எப்படி வளர்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணிதமும் ஒன்பதில் கணிதமும் மாகாணச் சோதனைகள். பத்தில் எழுத்தறிவுச் சோதனை வரும், உயர்பள்ளிச் சான்றிதழுக்கு அது வேண்டும். இப்போதுதான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளை என்றால், பிற்போடலாமா என்று பள்ளியில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பள்ளிகளின் பெறுபேறுகள் வெளியாவதால், அதைக் காட்டியே வீடு விற்க வருபவர்களும் உண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி வீட்டை வாங்கிவிடாதீர்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம். கையெழுத்து வைப்பதற்கு முன் மூன்றே கேள்வி: என் தகவலை யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், என்னிடம் ஏதாவது நோய் கண்டால் எனக்குச் சொல்வீர்களா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறப்பார்கள். தமிழில் விளக்க ஆள் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக் கையெழுத்திடவேண்டாம். வங்கிக் கடவுச்சொல்லோ கடன் அட்டை இலக்கமோ கேட்டால் அது ஆய்வே இல்லை, போனை வையுங்கள்.

அம்மாவுக்கு அப்புறம் இன்னொரு கடிதம் வந்தது. இந்தமுறை பைக்குள் போகவில்லை. இரண்டு சின்னப் போத்தல் இரத்தமும் ஒரு மணி நேரக் கேள்விகளும். அவர்கள் கொடுத்த பரிசு அட்டையில் ஒரு மூட்டை அரிசி வாங்கினோம்.