போலீஸ் வேலைக்கு எப்போ ஆரம்பிக்கணும்? முதல்ல கயித்துல தொங்கிப் பாருங்க

காணும் பொங்கல் அன்னைக்கு எங்க சித்தி பையன் பெரம்பூர் வீட்டுக்கு வந்திருந்தான், பிகாம் கடைசி வருஷம். சாப்ட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்து மெதுவா ஆரம்பிச்சான். "ண்ணா, போலீஸுக்கு ட்ரை பண்லாம்னு இருக்கேன், நோட்டிபிகேஷன் வந்ததும் ஸ்டார்ட் பண்ணா போதும்ல?"

"கயிறு ஏறுவியாடா?"

"எந்தக் கயிறு?"

சரி, இவனுக்குச் சொல்றத எல்லாருக்கும் சொல்லிடலாம்னுதான் இத டைப் பண்றேன். நான் போலீஸ் இல்ல, முயற்சி பண்ணி கோட்டை விட்டவன், தங்கச்சி கிளியர் பண்ணி இப்போ ஆயுதப்படைல இருக்கா, அதனால தோத்த கதை ஜெயிச்ச கதை ரெண்டும் ஒரே வீட்லயே இருக்கு.

என் கதை சிம்பிள். எழுத்துத் தேர்வு பாஸ், 1500 மீட்டர் ஓட்டம் பாஸ், கயிறு கிட்ட போனா பாதி தூரம் கூட ஏற முடியல, ஏன்னா அதுக்கு முன்னாடி நான் கயித்தத் தொட்டதே இல்ல. எக்ஸாம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு புக்கு மட்டும் படிச்சிட்டிருந்தேன். ஸ்டார் (அங்க மார்க் ஸ்டார் கணக்குலதான்) ஒண்ணு கூட வாங்காமலே கீழ இறங்கினேன், லிஸ்ட்ல பேர் வரல, அடுத்த தடவை கூப்பிடறதுக்குள்ள வயசு தாண்டிப்போச்சு. அதனால எப்போ ஆரம்பிக்கலாம்னு யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், படிப்ப மூணு மாசத்துல கூட ஓரளவு ஏத்திடலாம், உடம்ப ஏத்த முடியாது, அதனால உடம்ப இன்னைக்கே ஆரம்பி, வேலை வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதக்கூட ஓடிக்கிட்டே பண்ணிக்கலாம்.

ஆனா அதுக்கும் முன்னாடி பத்து ரூபா செலவில்லாம செய்ய வேண்டியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, சுவத்துல சாஞ்சு நின்னு உயரம் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 170 செமீ, எஸ்சி எஸ்டிக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்சி எஸ்டிக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்ச இழுத்தா 5 செமீ விரியணும். காலைல எழுந்ததும் அளந்தா கொஞ்சம் கூட இருக்கும், சாயந்திரம் கொஞ்சம் இறங்கும், அதனால சாயந்திர அளவ நம்புங்க, அளக்குற அன்னைக்கு மைதானத்துல எத்தன மணிக்கு உங்க டர்ன் வரும்னு யாருக்குத் தெரியும். ரெண்டாவது கண்ணு. நிறக்குருடு இருக்கிறது பல பேருக்கு மெடிக்கல் வரைக்கும் தெரியவே தெரியாது. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரில ஒரு ஓபி சீட்டு போட்டு அந்த கலர் புள்ளிக்குள்ள நம்பர் இருக்கிற புக்க காட்டச் சொல்லிப் படிச்சுப் பாத்துட்டு வந்துடுங்க. முட்டி ரெண்டும் இடிக்குதா, பாதம் தட்டையா இருக்கான்னும் ஒரு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ரெண்டு வருஷம் படிச்சு ஓடி எல்லாத்தையும் தாண்டி கடைசில மெடிக்கல்ல வெளிய வர்றத நான் நேர்ல பாத்திருக்கேன், அந்தப் பையன் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு.

அடுத்தது வேலை நமக்கு செட் ஆகுமா. இங்கதான் எல்லாரும் தப்புக் கணக்கு போடறாங்க. பிசி, அதாவது போலீஸ் கான்ஸ்டபிளா செலக்ட் ஆனா நேரா ஸ்டேஷன்ல போய் உக்காந்து கேஸ் பாக்கலாம்னு நெனப்பு. அப்டி இல்ல. பயிற்சி முடிஞ்சதும் பசங்கள்ல ஒரு பகுதி பட்டாலியனுக்குப் போவாங்க, அதாவது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, சென்னைப் பக்கம்னா ஆவடி, வீராபுரம், பூந்தமல்லி. மீதிப் பேர் ஆயுதப்படை. பொண்ணுங்க ஆயுதப்படை. தாலுக்கா ஸ்டேஷனுக்கு, அதாவது நாம பாக்கிற சாதாரண போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றது அப்புறம், வருஷக் கணக்குல. அதுவரைக்கும் பந்தோபஸ்து, கார்டு டூட்டி, எஸ்கார்ட்டு, பரேடு.

பந்தோபஸ்துன்னா என்னன்னு யூடியூப்ல பாக்காதீங்க. காணும் பொங்கல் அன்னைக்கு மெரினாவுக்கோ, பிள்ளையார் கரைக்கிற ஞாயித்துக்கிழமை பட்டினப்பாக்கத்துக்கோ போங்க, பன்னெண்டு மணி வெயில்ல ஒரு பேரிகார்டு பக்கத்துல நிக்கிற பிசியப் பாருங்க, போய் சுண்டல் சாப்ட்டுட்டு மூணு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, அதே எடத்துலதான் நிப்பாரு. எங்க தங்கச்சி பெரிய பந்தோபஸ்து இருக்குன்னா காலைல வீட்ல அரை டம்ளர் காப்பியோட நிறுத்திக்குவா, அம்மா தண்ணி பாட்டில நீட்டினா "வேணாம்மா, அங்க எங்க போறது"ம்பா. ராத்திரி வந்து ஷூவக் கழட்டினா சாக்ஸோட ரிப்பு கணுக்கால்ல அப்டியே வரிவரியா பதிஞ்சிருக்கும், அதுக்கப்புறம்தான் தண்ணி, ஒரே மூச்சுல ஒரு சொம்பு. இதப் பாத்தும் இந்த வேலைதான் வேணும்னு தோணுச்சுன்னா உங்களுக்கு செட் ஆகும். யூனிஃபார்ம் மட்டும்தான் கண்ணுல தெரியுதுன்னா இன்னும் ஒரு வாரம் யோசிங்க.

அதே தங்கச்சிதான் மொத சம்பளத்துல அம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுத்தா, தெருவுல ஒரு பிரச்சனைன்னா எல்லாரும் அவளத்தான் தேடி வர்றாங்க, அதையும் சொல்லணும்ல. இரண்டாம் நிலைக் காவலர் சம்பளம் அடிப்படை 18,200ல ஆரம்பிக்குது, எஸ்ஐக்கு 36,900, அதுக்கு மேல படி எல்லாம். பிரமோஷன் மெதுவாதான், இரண்டாம் நிலைல இருந்து முதல் நிலை ஆகவே 10 வருஷம்.

எந்தக் கதவு வழியா போறதுன்னு பாத்தா அஞ்சு இருக்கு. பத்தாவது படிச்சா பிசி, ஜெயில் வார்டர், தீயணைப்பு, மூணும் சேத்து ஒரே தேர்வாதான் பெரும்பாலும் வரும். டிகிரி இருந்தா எஸ்ஐ. இந்த ரெண்டும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துறது, ஆபீஸ் எழும்பூர் பாந்தியன் ரோட்ல பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்துல. டிஎஸ்பி ஆகணும்னா டிஎன்பிஎஸ்சி குரூப் 1, ஐபிஎஸ்னா யுபிஎஸ்சி, அது ரெண்டும் தனி உலகம், இங்க அத இழுக்கல. சென்ட்ரல் பக்கம் போறவங்களுக்கு எஸ்எஸ்சி ஜிடின்னு மத்தியப் படைகளோட கான்ஸ்டபிள் தேர்வு இருக்கு, சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் எல்லாம் அதுலதான், 2024ல இருந்து தமிழ்லயே எழுதலாம், ஆனா ஓட்டம் 5 கிலோமீட்டர் 24 நிமிஷத்துல, போஸ்டிங் ஊரு விட்டு ஊரு.

வயசு விஷயத்துல தெளிவா இருங்க. பிசிக்கு 18 முடிஞ்சிருக்கணும், பொதுப் பிரிவுக்கு 26, பிசி எம்பிசிக்கு 28, எஸ்சி எஸ்டிக்கு 31 (இந்த பிசி வகுப்பு, காவலர் இல்ல, நம்மூர்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து). எஸ்ஐக்கு 20ல இருந்து 30, அதுவே 32, 35 வரைக்கும் போகும். கணக்கு அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதிய வச்சு. நோட்டிபிகேஷன் தீபாவளி மாதிரி வருஷா வருஷம் இந்த மாசம்னு வராது, ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் இழுக்கும், அதனால "இன்னும் மூணு சான்ஸ் இருக்கு"ன்னு வயசக் கழிச்சுக் கணக்கு போடாதீங்க, நான் போட்டேன்.

என் அபிப்பிராயம் கேட்டா, பன்னெண்டாவது முடிச்சு வீட்டு நெலமை சரியில்லன்னா பதினெட்டு பத்தொம்போதுலயே பிசிக்குப் போயிடுங்க, டிகிரிய அஞ்சல் வழில முடிச்சுக்கலாம், எஸ்ஐ இடத்துல 20 சதவீதம் டிபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கே ஒதுக்கீடு இருக்கு. காலேஜ் பாதில இருக்கிறவன் காலேஜ விட வேணாம், முடிச்சிட்டு ரெண்டு தேர்வும் எழுதட்டும், சிலபஸ் முக்காவாசி ஒண்ணுதான். இருபத்தஞ்சு தாண்டினவங்க வேலைய விட்டுட்டு முழுநேரமா உக்காரக் கூடாது, காலைல ஓட்டம், ராத்திரி படிப்பு, பகல்ல வேலை, கஷ்டம்தான், ஆனா கிடைக்கலன்னா கையில ஒண்ணு இருக்கும்.

படிப்பு பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. பிசிக்கு முதல்ல தமிழ் தகுதித் தேர்வு, 80 கேள்வி, 32 வாங்கினா போதும், ஆனா வாங்கலன்னா மெயின் பேப்பரத் திருத்தவே மாட்டாங்க. சென்னைல இங்கிலீஷ் மீடியம் படிச்ச பசங்க வழுக்கி விழற எடம் இதுதான், ர ற குழப்பம், சந்திப்பிழை, எதுகை மோனை. மெயின் 70 மார்க், அதுல பொது அறிவு 45, உளவியல்னு பேர் வச்ச கணக்கு ரீசனிங் 25. உடல் தகுதிக்கு 24, என்சிசி, என்எஸ்எஸ், ஸ்போர்ட்ஸ் மூணுக்கும் சேத்து 6, ஆக நூறு. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அரசு ஸ்கூல் புக்க வரிவரியா படிங்க, பாடநூல் கழகம் சைட்ல சும்மாவே கிடைக்குது. கிண்டி வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஃப்ரீ கோச்சிங் நடத்துறாங்க, அத விசாரிச்சிட்டு அப்புறம் காசு கட்டுற எடத்தப் பத்தி யோசிங்க. தங்கச்சி ஃப்ரெண்டு ஒருத்தி "கியாரண்டி செலக்ஷன்"னு போர்டு வச்ச எடத்துல பணம் கட்டினா, அங்க குடுத்த மெட்டீரியல் அதே ஸ்கூல் புக்கோட ஜெராக்ஸ்.

இப்போ உடம்பு. ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிஷம். 400 மீட்டர் டிராக்ல மூணே முக்கால் ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 செகண்ட், அவ்ளோதான். முதல் ரவுண்ட சிங்கம் மாதிரி ஓடி மூணாவது ரவுண்டுல வாந்தி எடுக்கிறவங்கதான் ஜாஸ்தி, அதனால ஒவ்வொரு ரவுண்டையும் வாட்ச்ல பாத்து ஒரே வேகத்துல ஓடப் பழகுங்க. மெரினா மணல்ல ஓடினா கால் ஸ்ட்ராங் ஆகும்னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள இருக்கு, வாரத்துல ஒரு நாள் ஓடுங்க, மத்த நாள் நந்தனம் ஒய்எம்சிஏ மாதிரி கெட்டித் தரைல, ஏன்னா தேர்வு மணல்ல நடக்காது. பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிஷம் 30 செகண்ட். அவங்களுக்கு கயிறு இல்ல, நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் இல்லன்னா பந்து எறிதல், அப்புறம் 100 இல்லன்னா 200 மீட்டர். தங்கச்சி குண்டுக்காகவே தெருவுல கிடந்த கருங்கல்ல தூக்கி மாசக்கணக்கா எறிஞ்சா, அப்பா திட்டிக்கிட்டே இருப்பாரு.

திருநங்கைகளும் தாராளமா ட்ரை பண்ணுங்க, பிரித்திகா யாஷினி ஹைகோர்ட் வரைக்கும் போய்ப் போராடி 2017ல எஸ்ஐயா சேந்தாங்க.

கயிறு, நம்ம சப்ஜெக்ட்டு. 5 மீட்டர் ஏறினா ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினா ரெண்டு. கீழ இருந்து பாத்தா ரெண்டு மாடி கூட இல்லயேன்னு தோணும், மூணாவது மீட்டர்ல முன்னங்கை கல்லு மாதிரி இறுகிடும், விரல் தானா பிரியும். இதுக்கு தண்டால் உதவாது. பார்க்குல இருக்கிற பார்ல சும்மா தொங்குங்க, முதல் நாள் 20 செகண்டு, அது ஒரு நிமிஷம் ஆனதும் புல் அப்ஸ், அப்புறம் பார்ல ஒரு கெட்டித் துண்டப் போட்டு ரெண்டு முனையையும் புடிச்சு தொங்குங்க, கயிறு புடிக்கிற பிடி அதுலதான் வரும். முதல் வாரம் உள்ளங்கைல கொப்புளம் வந்து உடையும், ரசம் சாதம் பிசையும்போது உப்பு பட்டு உயிர் போகும், ஸ்பூன்ல சாப்டுங்க, ஆனா தொங்கறத விடாதீங்க. ஒரு மாசத்துல தோல் காய்ச்சுப் போயிடும். அப்புறம் நிஜக் கயிறு இருக்கிற கிரவுண்டத் தேடிப் போங்க. ஆறு மாசம்னு வச்சுக்கோங்க, எடை ஜாஸ்தி இருக்கிறவங்களுக்கு இன்னும் கூட. நோட்டிபிகேஷன்ல இருந்து உடல் தகுதி வரைக்கும் அவ்ளோ டைம் கிடைச்சா லக்கு, கிடைக்கலன்னா என் கதைதான்.

சென்னைப் பசங்களுக்கு ஒரு விஷயம் தனியா. பஸ் டே, ரூட்டு தல, பீச் ரோட்ல பைக் ரேஸ், எதுவா இருந்தாலும் ஒரு எஃப்ஐஆர்ல பேர் ஏறிச்சுன்னா செலக்ட் ஆனதுக்கு அப்புறம் நடக்கிற வெரிஃபிகேஷன்ல அது முன்னாடி வந்து நிக்கும். கோர்ட்டு விட்டுடுச்சேன்னு சொன்னாலும், சந்தேகத்தின் பலன்ல விடுதலைன்னா போலீஸ் வேலைக்கு அது கேஸுல சம்பந்தப்பட்டதாத்தான் எடுத்துக்குவாங்க, ரூல்லயே இருக்கு. மறைச்சு ஃபார்ம் போட்டா அது இன்னும் மோசம், உள்ளத உள்ளபடி எழுதிட்டு வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசுங்க. "மேல ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் குடு"ன்னு வர்றவன நம்பி அம்மா நகைய அடகு வைக்காதீங்க, ஓஎம்ஆர் ஷீட்ட எந்த ஆளும் உனக்காக நிரப்ப மாட்டான்.

கடைசியா சர்டிபிகேட். சாதிச் சான்றிதழ் கைல இருக்கான்னு பாருங்க. தமிழ் மீடியம்னா 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுக்கு ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் சான்றிதழ் வாங்கணும், கடைசி நேரத்துல போய் நின்னா ஹெட்மாஸ்டர் லீவுல இருப்பாரு. நம்ம சித்தி பையன் மூணு ஸ்கூல் மாறினவன், அதுல ஓட்டேரில இருந்த ஒண்ண மூடியே நாலு வருஷம் ஆச்சு. அந்த ரெக்கார்டு இப்போ எந்த ஆபீஸ்ல இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டு வாடான்னு திங்கக்கிழமை அனுப்பியிருக்கேன், காலைல பார்ல தொங்கிட்டு.