பருப்பு வேகாத தண்ணீரும் பங்காளி மீன்களும்: சிக்லிட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஊருணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஜிலேபி கெண்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் ஊருணி வற்றி, முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீராகக் கிடந்தாலும் அது மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு உயிரோடு இருக்கும். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. குஞ்சை வாயில் வைத்துக் காக்கும் பழக்கத்தால் பிறகு தென்னாட்டுக் குளமெல்லாம் பரவிவிட்டது.

மீன் கடைக் கண்ணாடித் தொட்டியில் நீலமும் மஞ்சளுமாக மின்னுகிற ஆப்பிரிக்க மீன்கள், ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் எல்லாம் இந்த ஜிலேபியின் பங்காளிகள். சிக்லிட் என்ற ஒரே குடும்பம். கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொரிக்கும் கரிமீனும் அதே வகையறாதான். இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்றே இனம், அதில் இது ஒன்று.

இந்தப் பங்காளி உறவுதான் நம்மைக் கவிழ்க்கிறது. 'ஜிலேபி சேற்றிலேயே தாங்குது, இது கண்ணாடித் தொட்டியில் தாங்காதா?' என்று நினைக்கிறோம். தாங்காது. நான் அப்படி நினைத்துக் கொன்ற மீன்களின் கணக்கு கொஞ்சம் பெரியது.

கடையிலேயே நடந்துவிடும் தவறு

முதல் முறை நான் வாங்கியது இரண்டடித் தொட்டி. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். இரண்டு ஆஸ்கர், நான்கு மஞ்சள் லேப், இரண்டு ஏஞ்சல் கேட்டேன். "எல்லாம் சிக்லிட்தான் தம்பி, ஒண்ணா விடலாம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை.

ஆஸ்கரும் ஏஞ்சலும் தென் அமெரிக்க ஆற்று மீன்கள், மென்மையான, அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீருக்குப் பழகியவை. மஞ்சள் லேப் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்காரர். அந்த ஏரியின் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; 7-க்கு மேல் போனால் காரம்) சுமார் 7.7 முதல் 8.6 வரை இருக்கும். ஒருவருக்கு ஏற்ற தண்ணீர் இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதோடு ஆஸ்கர் வாய்க்குள் போகிற எதையும் தின்னும். ஏஞ்சல் வளர்ந்தால் நியான் டெட்ரா என்ற குட்டி மீனை விழுங்கும், வளராத ஏஞ்சலை ஆஸ்கர் விழுங்கும்.

அளவில் செய்த தவறு இன்னும் மோசம். கடையில் இரண்டு அங்குலத்தில் பொம்மை மாதிரி இருக்கும் ஆஸ்கர், நன்றாகத் தின்றால் ஒரு வருடத்துக்குள்ளேயே ஒரு அடியை நெருங்கிவிடும். என் தொட்டியின் அகலமும் ஒரு அடி! அந்த மீன் திரும்புவதே பெரும்பாடு. பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீனை இப்படி வைப்பது நியாயமில்லை. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர், ஆகவே இரண்டடித் தொட்டியில் 57 லிட்டர்கூடப் பிடிக்காது. ஒரே ஒரு ஆஸ்கருக்குக் குறைந்தபட்சம் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். அது சுமார் 255 லிட்டர்.

மலாவியின் பாறை மீன்களில் வேறு சிக்கல். அவற்றை இரண்டு, மூன்று என்று வாங்கினால் வலுத்தது மற்றதை மூலைக்கு மூலை துரத்திக் கொன்றுவிடும். கொஞ்சம் கூட்டமாக, ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில், ஒளிய நிறைய பொந்து வைத்து வளர்த்தால் சண்டை பலபேருக்குப் பங்காகிவிடும். கூட்டம் கூடினால் அழுக்கும் கூடும், ஃபில்டரும் அதற்கேற்ப பெரிதாக வேண்டும்.

தண்ணீரை நாக்கால் அளப்பது

காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. தப்பில்லை, குடிக்கத் தேன்தான். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் எல்லா மீனுக்கும் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டுவதுதான் நம் ஊரின் தனித் தவறு என்பேன். அப்பத்தாமார் 'இதுல பருப்பே வேகாது' என்று ஒதுக்கும் தண்ணீர் இருக்கிறதே, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிற தண்ணீர், அதில்தான் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். மலாவி மீனுக்கு அது விருந்து. ஏஞ்சலையோ டிஸ்கஸையோ வளர்க்க ஆசைப்படுகிறவருக்குத்தான் பருப்பு சீக்கிரம் வேகும் தண்ணீர் தேவை. ஒரு எச்சரிக்கை: கடினமான தண்ணீர் வேறு, கரிக்கிற உப்புத் தண்ணீர் வேறு. போர் தண்ணீர் நாக்கில் கரித்தால் அப்படியே ஊற்றிவிடாதீர்கள்.

தெருவுக்குத் தெரு போர் தண்ணீர் மாறும் என்பதால், நூற்றுக்கணக்கில் மீனுக்குச் செலவழிக்கும் முன் ஒரு சொட்டு டெஸ்ட் கிட் வாங்கிப் பி.எச்., கடினத்தன்மை, அம்மோனியா மூன்றையும் பாருங்கள். அப்புறம் உங்கள் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். மீனை வாங்கிவிட்டுத் தண்ணீரை வளைக்க முயல்வது வாரா வாரம் செய்யும் வேலையாகிவிடும்.

முற்றத்து மழைநீரைப் பிடித்து ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். மழைநீரில் உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. பி.எச். சரியாமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. ஏஞ்சல் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீரோடு கலந்து விடலாம். மலாவித் தொட்டிக்கு வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கார்பனேட்டைக் கூட்டும். ஃபில்டருக்குள் ஒரு பை பவளத் துகள் போட்டால் இன்னும் நிதானமாக வேலை செய்யும்.

தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரத்தையும் கவனியுங்கள். பழைய செம்பு அண்டாவில் இரவெல்லாம் நின்ற தண்ணீர் நமக்கு நல்லதாக இருக்கலாம். செம்பு மீனுக்கு விஷம், அதுவும் மென்மையான தண்ணீரில் அதன் நஞ்சு கூடும். பிளாஸ்டிக் டிரம் போதும்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் எனக்கும் கை அரிக்கும். பித்தளை விளக்கு, உடைந்த பீங்கான் ஜாடி, தேக்குச் செதுக்கல் எல்லாம் தண்ணீருக்கடியில் அழகாகத்தான் இருக்கும். வேண்டாம். உடைந்த ஆத்தங்குடிக் கல்லைக் குகையாக அடுக்கும் யோசனையும் வேண்டாம். அது சிமென்ட், தண்ணீரில் சுண்ணாம்பு கசியும். குயவரிடம் வாங்கிய, மெருகேற்றாத மண் சட்டியைக் கவிழ்த்து ஒரு ஓரம் தட்டி வாசல் வையுங்கள். அதைவிட நல்ல குகை கிடையாது. கல் வைப்பதானால் கருங்கல். அதையும் மணல் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக் கண்ணாடியில் ஒரு மெத்தை ஷீட் போட்டு, கல்லை அடுக்கிய பிறகு மணலைக் கொட்டுங்கள். சிக்லிட் தோண்டும் மீன். மணலைத் தோண்டித் தோண்டி, மேலே நிற்கும் கல்லைத் தன் தலைமேலேயே சரித்துக்கொள்ளும்.

பழைய வீடுகளில் வளவைச் சுற்றிய தரை முற்றத்தைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் வழிய. தொட்டியை அங்கே அப்படியே வைத்தால் கால் டன் எடை ஒரு பக்கம் சாயும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மாகோல் கொடுத்து நிறுத்துங்கள்.

கழுவிக் கழுவிக் கொல்வது

இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை நோயைவிடச் சுத்தத்தால் செத்த மீன்தான் அதிகம். மாதம் ஒருமுறை மீனையெல்லாம் வாளியில் பிடித்துப் போட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பளபளவென்று வைப்பார்கள். இரண்டு நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். நாலாம் நாள் மீன் மிதக்கும். 'என்ன சுத்தமா வச்சிருந்தேன் தெரியுமா' என்று வருத்தப்படுவார்கள்.

மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் அது சாகும். அதாவது ஸ்பாஞ்சை வெளுத்துப் பிழிந்த அன்று நாம் தொட்டியின் கழிவறைத் தொழிலாளிகளை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஊருணியை யாராவது மாதம் ஒருமுறை இறைத்துத் தேய்த்துக் கழுவுகிறோமா?

மலாவி மீன் வளர்ப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஒரு புள்ளி கூடினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடும். ஏஞ்சல் தொட்டியில் சமாளித்துவிடக்கூடிய அதே அளவு, 8-க்கு மேல் பி.எச். உள்ள தொட்டியில் செவுளைப் பொசுக்கிவிடும்.

ஆகவே வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டோ, ஒரு நாள் முழுக்க காற்று ஓடவிட்டோ குளோரினைப் போக்குங்கள். ஸ்பாஞ்சை வெளியே எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், அதுவும் அடைத்துக்கொண்டால் மட்டும். புதுத் தொட்டி வைப்பவர்கள் ஏற்கெனவே நன்றாக ஓடும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி வந்தால் பாதிக் காத்திருப்பு மிச்சம். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைக் கண்டபடி ஊற்றுவதும் இதே பாக்டீரியாக்களைப் பாதிக்கும். மருந்து கொடுப்பதானால் தனிப் பாத்திரத்தில்.

விருந்தோம்பல்

செட்டிநாட்டு விருந்தோம்பல் மீனையும் விடாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு சிட்டிகை போடுவார்கள். எங்கள் வீட்டில் கோழி ஈரலைப் பொடியாக நறுக்கி ஆஸ்கருக்குக் கொடுத்திருக்கிறோம், அது ஓடிவந்து வாங்கித் தின்னும் அழகுக்காக. கோழி, ஆட்டுக் கொழுப்பை மீன் குடல் சரியாகச் செரிக்காது. மலாவிப் பாறை மீன்களில் பெரும்பாலானவை பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை, குடல் நீளமானது. அவற்றுக்கு ரத்தப்புழுவையும் ஈரலையும் திணித்தால் வயிறு ஊதிச் செத்துப்போகலாம். ஸ்பைருலினா கலந்த குருணை, எப்போதாவது வேகவைத்த பட்டாணியும் கீரையும் போதும். இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவுக்குப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் குறையில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகும்போது காவலுக்கு இருப்பவரிடம் தீனி டப்பாவை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். பாசத்தில் கொட்டிவிடுவார். வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். அதற்கு மேல் என்றால் நாள் கணக்குக்குக் காகிதப் பொட்டலம் கட்டி வைத்துவிடலாம். சாப்பாடு இல்லாததைவிட, கரண்ட் போய் ஃபில்டர் நிற்பதுதான் மீனுக்கு ஆபத்து. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5 ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் அதுவும் குறையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அவசியம். தொட்டியோடு தருகிறார்கள் என்பதற்காக ஹீட்டரை மாட்டிவிடுவது இன்னொரு வேடிக்கை. மார்கழி இரவில் டிஸ்கஸ் வைத்திருப்பவருக்குத் தேவைப்படலாம், மற்றவருக்கு இங்கே அது பெரும்பாலும் மின்கட்டணம்தான். முற்றத்து வெயில் படாத இடம், கண்ணாடி மூடிக்குப் பதில் வலை மூடி, தண்ணீர்ப் பரப்பில் சின்ன மின்விசிறி. இவை இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடும்.

ஊருணியில் விடுவது

தொட்டிக்கு மீறி வளர்ந்த மீனை 'பாவம், பிழைக்கட்டும்' என்று ஊருணியில் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஜிலேபி என்ன செய்தது என்று நம் ஊர்க் குளங்களிலேயே பார்க்கிறோம். தொட்டி துடைக்க வாங்கும் சக்கர் மீனும் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது. கெளுத்தியும் குரவையும் இருந்த இடத்தை அவை பிடித்துக்கொள்ளும்.

என்னிடம் மிஞ்சிய அந்த ஆஸ்கரை மதுரையில் ஆறடித் தொட்டி வைத்திருந்த நண்பருக்குக் கொடுத்துவிட முடிவு செய்தேன். மூடி போட்ட பெயிண்ட் வாளியில், பேட்டரி பம்போடு பஸ்ஸில் கொண்டு போனேன். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் மூன்று முறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். நான்காவது முறை கண்டக்டர் குனிந்து பார்த்து, "நல்ல பெரிய ஜிலேபியா இருக்கே, குழம்புக்கா?" என்றார்.