ஆளைத் தேடும் முன் வேலையை முடிவு செய்யுங்கள்: அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தேடலில் என்.எஃப்.எல். அணிகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் லீக் ஆட்டங்கள் ஜனவரி முதல் வாரத்தில் முடிகின்றன. அடுத்த சில நாட்களிலேயே, சரியாக ஆடாத பல அணிகளில் அஃபென்சிவ் கோஆர்டினேட்டரின், அதாவது பந்தை வைத்துப் புள்ளி எடுக்கும் பக்கத்தை (அஃபென்ஸ்) நடத்தும் பயிற்சியாளரின், வேலை போய்விடும். தலைமைப் பயிற்சியாளரை அனுப்புவது பெரிய முடிவு. பந்தை எறிந்து அஃபென்ஸை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கை மாற்றுவது அதைவிடப் பெரிய முடிவு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் இவர், அதனால் பழியும் முதலில் இவர் தலையில்தான் விழுகிறது. அப்புறம் பெயர்ப் பட்டியல் தயாராகும், ஒவ்வொருவராக நேர்காணலுக்கு வருவார்கள். வந்து சேர்பவர் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்காமலேயே தேடலைத் தொடங்குவதுதான் அணிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

அமெரிக்க ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுவதும் எதிரணியின் டிஃபென்ஸை (தடுக்கும் பக்கம்) ஆராய்ந்து, அதை உடைக்கத் திட்டம் போடுவது ஒரு பாதி. ஆட்ட நாளில் ஒவ்வொரு முறையும் எந்த பிளேயை (முன்கூட்டி வகுத்த ஆட்ட நகர்வு) ஆடுவது என்று தேர்ந்தெடுத்து, குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகச் சொல்வது மறுபாதி. இதைத்தான் பிளே காலிங் என்கிறார்கள். அடுத்த பிளேயைத் தொடங்க உள்ள நேரத்தைக் காட்டும் பிளே கிளாக் 40 விநாடி ஓடும். 15 விநாடி மீதி இருக்கும்போது அந்த ஒலித்தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குள் யோசித்து, தேர்ந்தெடுத்து, சொல்லி முடித்தாக வேண்டும்.

ஆனால் இந்த மறுபாதி எல்லா அணியிலும் கோஆர்டினேட்டர் கையில் இருப்பதில்லை. கேன்சஸ் சிட்டியில் ஆண்டி ரீட், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் ஷான் மெக்வே, சான் ஃபிரான்சிஸ்கோவில் கைல் ஷானஹன் ஆகியோர் தலைமைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே பிளேயையும் தாங்களே சொல்பவர்கள். ஆக, பதவியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை இரண்டு வகை. ஒருவருடைய பயோடேட்டாவில் "அஃபென்சிவ் கோஆர்டினேட்டர்" என்று இருந்தால், அந்த அணியில் ஆட்ட நாளன்று மைக் யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நியூயார்க் ஜெட்ஸின் கதையைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை கிரீன் பே பேக்கர்ஸில் நதானியல் ஹேக்கெட் கோஆர்டினேட்டர். 2020, 2021 இரண்டு வருடமும் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் எம்.வி.பி. (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமான ஜோடி. ஆனால் அங்கே பிளே சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் மாட் லஃப்ளூர். 2022இல் டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போன ஹேக்கெட், 4 வெற்றி, 11 தோல்வி என்ற நிலையில் சீசன் முடியும் முன்பே நீக்கப்பட்டார். 2023 ஜனவரியில் ஜெட்ஸ் அவரைக் கோஆர்டினேட்டராக எடுத்தது. ஏப்ரலில் ராட்ஜர்ஸும் வந்து சேர்ந்தார். ராட்ஜர்ஸை இழுப்பதற்காகவே ஹேக்கெட்டை எடுத்தார்கள் என்று அப்போதே பரவலாகப் பேசப்பட்டது.

செப்டம்பர் 11, முதல் ஆட்டம். ராட்ஜர்ஸின் நான்காவது பிளேயிலேயே அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. ஒருவருக்காக வடிவமைத்த அஃபென்ஸை மீதி சீசன் முழுக்க வேறு ஆட்களை வைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. காயத்தை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் 2024இல் ராட்ஜர்ஸ் திரும்பி வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட, பிளே காலிங்கும் ஹேக்கெட்டிடமிருந்து டாட் டவுனிங்குக்குப் போனது. அந்த சீசன் 5 வெற்றி, 12 தோல்வி. குவார்ட்டர்பேக்கிடம் கருத்துக் கேட்க வேண்டும், கட்டாயம் கேட்க வேண்டும். அவருக்குப் பிடித்தவர் என்பது மட்டுமே தகுதியாகிவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறு, அந்த நாற்காலியைக் காலியாக விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பது. 2022இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் கோஆர்டினேட்டர் ஜாஷ் மெக்டேனியல்ஸ், ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக் அந்தப் பதவிக்கு யாரையும் அறிவிக்கவில்லை. டிஃபென்ஸ் பக்கத்தில் பெயர் வாங்கிய மாட் பட்ரிசியாவும், ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) பின்னணி கொண்ட ஜோ ஜட்ஜும் அஃபென்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். பிளே சொன்னவர் பட்ரிசியா. முந்தைய வருடம் முதல் சீசனிலேயே 22 டச்டவுன் பாஸ் (ஆறு புள்ளி தரும் எறிதல்) போட்டு அணியைப் பிளேஆஃபுக்குக் (நாக்-அவுட் சுற்று) கொண்டுபோன குவார்ட்டர்பேக் மாக் ஜோன்ஸ், அந்த வருடம் 14இல் நின்றார். மைதானத்திலேயே அவர் கோபப்பட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். அணி 8-9 (8 வெற்றி, 9 தோல்வி) என்று முடித்தது. அடுத்த வருடம் பில் ஓ'பிரையன் வந்தார். மூன்று வருடத்தில் மூன்றாவது ஆசிரியர். அதற்குள் அந்த இளைஞரின் தன்னம்பிக்கை கரைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். விசுவாசமான ஆட்கள் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் விசுவாசம் இருப்பதாலேயே ஒருவருக்கு அஃபென்ஸ் தெரிந்துவிடாது.

சரி, இதைச் சரியாகச் செய்த அணி உண்டா? சியாட்டில் சீஹாக்ஸ். தலைமைப் பயிற்சியாளர் மைக் மக்டொனால்ட் டிஃபென்ஸ்காரர். தன் முதல் வருடமான 2024இல் கல்லூரி ஃபுட்பாலிலிருந்து ரயன் கிரப்பைக் கோஆர்டினேட்டராகக் கொண்டுவந்தார். அணி 10-7 என்று முடித்தது, மோசமில்லை. ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு இன்னும் இடம் வேண்டும் என்பது மக்டொனால்டின் விருப்பம், அது நடக்கவில்லை. சீசன் முடிந்த கையோடு கிரப்பை அனுப்பினார். இந்த முறை தேடலுக்கு முன்பே தேவை தெளிவாக இருந்தது. ஓட்டத்தை அடித்தளமாக வைத்து, அதன் மேல் பாஸை (பந்தை எறியும் ஆட்டம்) கட்டும் முறையில் வளர்ந்த கிளின்ட் குபியாக்கை எடுத்தார்.

அதற்குப் பிறகு கிளப் முழுவதும் அதே திசையில் நகர்ந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். குவார்ட்டர்பேக்கைக் காத்து, ஓட்டத்துக்கு வழி திறக்கும் முன்வரிசையான அஃபென்சிவ் லைனுக்குப் பயிற்சியாளராக அதே முறையில் ஊறிய ஜான் பென்டன் வந்தார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வே லைன் வீரரான கிரே ஸேபல். குவார்ட்டர்பேக்காக வந்த சாம் டார்னல்ட், 2023இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் குபியாக்கோடு ஒரே அணியில் இருந்தவர். 2025 சீசனில் 14-3. 2026 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் பேட்ரியட்ஸை 29-13 என்று வென்றார்கள். வெற்றிக்கு டிஃபென்ஸின் பங்கு மிகப் பெரியது, அதை மறைக்க முடியாது. ஆனாலும் ஒரு வருடத்தில் அஃபென்ஸுக்கு ஒரு முகம் வந்தது அந்தத் தேடலால்தான்.

அணிக்குள்ளேயே இருப்பவரை உயர்த்துவது தவறா என்றால், பிலடெல்பியா ஈகிள்ஸைத்தான் உதாரணமாகச் சொல்ல வேண்டும். 2022 சீசனில் சூப்பர் பௌல் வரை கொண்டுபோன கோஆர்டினேட்டர் ஷேன் ஸ்டைகன் இண்டியானாபொலிஸுக்குப் போனதும், குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் பிரையன் ஜான்சனை உயர்த்தினார்கள். 2023இல் 10-1 என்று தொடங்கிய அணி சரிந்து 11-6 என்று முடித்து, பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று தோற்றது. அப்புறம் வெளியிலிருந்து கெலன் மூர் வந்தார். பந்தை ஏந்தி ஓடும் வீரர் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், சூப்பர் பௌல் கோப்பை வந்தது. மூரும் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட, மறுபடி உள்ளேயிருந்து கெவின் பட்டூலோ. ஒரே சீசன், அவரும் நீக்கப்பட்டார்.

இதை வைத்து உள்ளூர் ஆள் வேண்டாம் என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. டெட்ராய்ட் லயன்ஸில் பென் ஜான்சன் உள்ளேயிருந்து உயர்த்தப்பட்டவர்தான், 2024இல் அணி 15-2. ஆனால் அவரை 2021 சீசனின் நடுவிலேயே பாஸ் ஆட்டத் திட்டத்தில் பெரிய பொறுப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்தினார்கள். உள்ளே இருப்பவரை எடுக்கும்போது அவருக்கும் வெளியாளுக்குப் போடும் அதே பரீட்சையைப் போட வேண்டும். பிளேபுக் (அணியின் பிளேகளின் தொகுப்பு) மாறாது, வீரர்களுக்குப் பழக்கமானவர் என்பதெல்லாம் வசதிகள், அவ்வளவுதான்.

பிளேபுக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அட்லான்டா காட்டியது. கைல் ஷானஹனின் கையில் 2016இல் 540 புள்ளிகள் எடுத்த ஃபால்கன்ஸ், அவர் போன பிறகு ஸ்டீவ் சார்கீசியனைக் கூப்பிட்டு அதே முறையை நடத்தச் சொன்னது. 2017இல் எடுத்தது 353. குவார்ட்டர்பேக் அதே மாட் ரயன்.

அடிக்கடி மாற்றுவதும் தனி நோய். அலெக்ஸ் ஸ்மித் 2005இல் டிராஃப்டின் முதல் தேர்வாக சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து, ஏழு சீசனில் ஏழு கோஆர்டினேட்டர்களைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் புதிய சொற்கள், புதிய கால் அசைவுகள். பல வருடம் அவரைத் தோல்வி என்றே எழுதினார்கள். 2011இல் தலைமைப் பயிற்சியாளராக ஜிம் ஹார்பா வந்த பிறகுதான் அணி 13-3 என்று நிமிர்ந்தது. ஒரு வருடம் சரியில்லை என்றவுடன் கோஆர்டினேட்டரை அனுப்பும் முன், அதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று உரிமையாளர்கள் யோசிக்க வேண்டும்.

நேர்காணல் பற்றியும் ஒன்று. 2003இல் தலைமைப் பயிற்சியாளர்களுக்காகக் கொண்டுவந்த ரூனி விதி, 2020இல் கோஆர்டினேட்டர் பதவிகளுக்கும் விரிந்தது: வெளியிலிருந்து ஒரு சிறுபான்மையினரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். மனதில் ஒருவரை முடிவு செய்துவிட்டு, கணக்குக்காக மற்றவர்களைக் கூப்பிடுவது அவர்களுக்கு அவமானம், அணிக்கும் நஷ்டம். எட்டுப் பேரிடம் உண்மையாகப் பேசினால் எட்டுப் பேர் உங்கள் அஃபென்ஸை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதாவது தெரியும்.

கடைசியாக, நல்லவர் கிடைத்தால் அவர் தங்க மாட்டார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். டாம்பா பேயில் 2023இல் டேவ் கனாலஸ். ஒரே வருடத்தில் கரோலைனா அவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிப்போனது. 2024இல் லியம் கோன். குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் 41 டச்டவுன் பாஸ் போட்டார், கோனை ஜாக்சன்வில் தூக்கிப்போனது. 2025இல் மூன்றாவது ஆள். இதனால் கோஆர்டினேட்டரை எடுக்கும் அதே வாரத்தில், அவருக்குக் கீழே பாஸ் ஆட்டத்தையும் ஓட்ட ஆட்டத்தையும் யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சியாட்டிலுக்கும் இதே நிலைதான்: சூப்பர் பௌல் முடிந்ததும் குபியாக் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். மக்டொனால்ட் இரண்டு வருடத்தில் மூன்றாவது கோஆர்டினேட்டரைத் தேட வேண்டியதாயிற்று.