வண்டி இழுக்கவில்லையா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

என் சித்தப்பாவிடம் 2011 மாடல் ஸ்பிளெண்டர் ஒன்று இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏம்பா, வண்டி முன்ன மாதிரி இழுக்கவே மாட்டேங்குது. சித்தி பின்னாடி உக்காந்தா பாலம் ஏறும்போது ரெண்டாவது கியருக்கு வந்துடுது. கடையில காட்டினா போர் வேலைங்கறாங்க."

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றுகூடப் போகவில்லை, நின்றுவிட்டது. பிரேக் ஷூ மாற்றியபோது யாரோ நட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள். மூன்று திருகு தளர்த்தினேன், சக்கரம் சரளமாகச் சுற்றியது. இத்தனை நாளும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். போர் வேலைக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலைக்குப் போயிருந்தால், இன்ஜினைப் பிரித்து, புது பிஸ்டன் போட்டு, அதே பிரேக்கோடு திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

வண்டி இழுக்கவில்லை என்று நமக்குத் தெரிகிறது. அதற்கு இன்ஜின்தான் காரணம் என்பது நம் ஊகம் மட்டுமே. அதனால் வெளியிலிருந்து உள்ளே, காசில்லாத வேலையிலிருந்து காசுள்ள வேலைக்கு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக்கையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

இங்கே சொல்வது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள 100, 125 சிசி வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபிறகு விற்ற புது பைக்குகளில் பெரும்பாலும், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றுக்கும் சக்கரம், கிளட்ச், ஃபில்டர், பிளக் வரை இதே கதைதான். கார்புரேட்டர் பகுதியை மட்டும் தாண்டிவிடுங்கள், மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

வண்டியோடு வந்த டூல் கிட்டில் பிளக் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். கூடவே கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு பழைய டூத் பிரஷ், அடிப்பக்கம் தெளிவாகத் தெரிகிற ஒரு கண்ணாடி பாட்டில், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்). காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோலைத் திறக்கப் போகிறோம், பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும்: எப்போது படுத்துகிறது என்ற குறிப்பு. காலையில் மட்டுமா, மேட்டில் மட்டுமா, பத்துக் கிலோமீட்டர் ஓடிய பிறகா, மழையிலா? பாதி விடை அதிலேயே இருக்கிறது. நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்.

படி 1: சக்கரமும் செயினும்

இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை, சக்கரத்தைப் பிடிக்கக் கூடாது. பின் பிரேக் பெடல் 20 முதல் 30 மி.மீ. வரை சும்மா இறங்கி, அதற்கப்புறம்தான் பிடிக்க வேண்டும். டயர் காற்றைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் வகை வண்டியில் ஒருவர் போகும்போது முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டிக்கானது மேனுவலில் இருக்கும்.

செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 20–30 மி.மீ. ஆட வேண்டும். விறைப்பாக இருந்தால் அதுவும் இழுவையைத் தின்னும். காய்ந்து துருப்பிடித்திருந்தால் பிரஷ்ஷால் துடைத்து எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில் விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயின் துடைக்கும் வீரம் வேண்டாம். அப்படி விரலை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

படி 2: கிளட்ச் நழுவுகிறதா

காலியான சாலையில் நாலாவது கியரில் 40 வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. முதலில் கேபிளைப் பாருங்கள். லீவர் நுனியில் 10–20 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் கொஞ்சம் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது என்று பொருள்.

தளர்வு சரியாக இருந்தும் நழுவினால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். இந்த பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கின்றன. கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது காருக்கு நல்லது, நம் கிளட்சுக்கு எமன். பாட்டிலில் 'ஜாஸோ எம்.ஏ.' (JASO MA, ஆயிலில் குளிக்கும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

படி 3: ஏர் ஃபில்டர்

பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஃபில்டர் பெட்டி. திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் ஒருமுறை திறந்ததில் கந்தல் துணி, வேர்க்கடலைத் தோல், ஒரு குட்டி எலிக் குடும்பம் எல்லாம் இருந்தன. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் இது சகஜம்.

உள்ளே ஸ்பாஞ்ச் இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் உலர்த்தி, இன்ஜின் ஆயிலில் லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து மாட்டலாம். முறுக்கிப் பிழியாதீர்கள், கிழிந்துவிடும். மடிப்பு மடிப்பான காகித வகையாக இருந்து, தொட்டால் பிசுக்கென்று ஒட்டினால், அதைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது. அந்தப் பிசுக்குதான் தூசியைப் பிடித்து வைக்கிறது. அழுக்கானால் புதிது மாற்றுவதுதான் வழி. காற்றடித்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

அடைத்த ஃபில்டரோடு ஓடும் வண்டிக்குக் காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போகும். மைலேஜ் இறங்கும், சைலன்சர் வாய் கறுக்கும். ஆனால் ஃபில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நம் சாலைப் புழுதி நேராக சிலிண்டருக்குள் போய், இல்லாத போர் வேலையை உண்டாக்கிவிடும்.

படி 4: பிளக்

இன்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரிக்காமலே சொல்வது பிளக். அதனால் இங்கே அவசரம் வேண்டாம்.

வண்டியை ஐந்து கிலோமீட்டர் நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி ஆறவிடுங்கள். வீட்டு வாசலில் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் நிறம் ஏமாற்றும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வர வாய்ப்புண்டு, அதனால் பொறுமை. கேப்பை உருவியதும் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றும்போது அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

இப்போது நுனியைப் பாருங்கள். காப்பித்தூள் நிறமாக இருந்தால் எரிதல் சரி, கோளாறு வேறெங்கோ. கரித்தூள் போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல்: அடைத்த ஃபில்டர், அல்லது இழுத்தபடியே விட்ட சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் லீவர்). சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எங்கிருந்தோ காற்று புகுகிறது, இன்ஜின் சூடேறுகிறது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு ஈரக் கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நுனியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும், பழைய 100 சிசி வண்டிகளில் 0.6–0.7 மி.மீ. இருக்கும். பக்கக் கம்பியை மட்டும் மெதுவாக வளைக்க வேண்டும். நடுக் கம்பியில் கை வைத்தால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். முனை உருண்டு தேய்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மன்றாட வேண்டாம், புதிது போடுங்கள்.

பொறி பார்க்க: பிளக் ஓட்டையை வேஸ்ட் துணியால் மூடுங்கள், பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை ஓட்டையிலிருந்து தள்ளி இன்ஜினில் ஒட்டிப் பிடியுங்கள். ரப்பரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். சாவியைப் போட்டு உதையுங்கள். நீலமாக, சடசடவென்று வந்தால் நல்லது. மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தால் கேப்பைத் திருகிக் கழற்றி வயர் நுனியைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் அரை செ.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினாலே பல சமயம் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு எரிவது) போய்விடும். மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியை இரவில், விளக்கில்லாத இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். வயரில் வெடிப்பு இருந்தால் நீலப் பொறி வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும்.

திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் மட்டுமே திருக வேண்டும். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கையால் இறுகிய பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதற்கு அரைக்கால் சுற்று. அவ்வளவுதான்.

படி 5: பெட்ரோல் வருகிறதா, என்ன வருகிறது

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின் மூச்சடைத்து நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிக்கு ஒரு சோதனை உண்டு. நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. இந்தக் கோளாறுக்கு, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவை தளர்த்தி, குழாய் வழியாக வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மணி மணியாகவோ தனி அடுக்காகவோ நின்றால் அது தண்ணீர். செம்மண் போல படிந்தால் டேங்க் துரு. இப்போது பம்புகளில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுவரை தண்ணீர் கலந்தே இருக்கும், அளவு மீறினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனியே பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி கிளம்பாததற்கு இது ஒரு காரணம். பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாயின் ரப்பரையும் கிள்ளிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பிடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

பிளக் வெளுத்திருந்ததா? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள இணைப்பில், வண்டி ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல்) ஓடும்போது, கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். இன்ஜின் ஓடும் சத்தம் மாறினால் அங்கேதான் காற்று புகுகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான இன்ஜின் மேலா? வேண்டவே வேண்டாம்.

சோக் லீவர் முழுதாகத் திரும்பி நிற்கிறதா என்று ஒருமுறை கையால் தள்ளிப் பார்த்துவிடுங்கள். கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். பெரியது ஐடில் ஸ்க்ரூ, அதைத் தயங்காமல் திருகலாம். சூடான வண்டி நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் நிதானமாக ஓடினால் போதும். சின்னது கலவை ஸ்க்ரூ. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் முழுதாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், திரும்பி வர வழி வேண்டுமே.

படி 6: ஆயிலும் டப்பெட்டும்

இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே நேரம் காத்திருந்து, சென்டர் ஸ்டாண்டில் ஆயில் குச்சியைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். ஸ்பிளெண்டர் வகையில் திருகாமல் சும்மா செருகித்தான் அளவு பார்க்க வேண்டும்.

டப்பெட்டை, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளியை, மெக்கானிக்கிடமே விடலாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கேஜ் போட்டு வைக்க வேண்டும். லேசான டிக் டிக் சத்தத்துக்குப் பயந்து இறுக்கிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) கசியும், வால்வு கருகும்.

படி 7: இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால்

மாற்றம் தெரிகிறதா என்பதை மனக்கணக்கில் விடாதீர்கள். டேங்கை நிரப்பி, 200 கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள்.

மைலேஜும் இழுவையும் அப்படியே கிடந்து, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் நீலப் புகை வந்தால்தான் போர் வேலைப் பேச்சு. காலைக் குளிரில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி இதில் சேராது. கடைக்குப் போகும் முன் ஒரு நாட்டுச் சோதனை. சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நல்ல இன்ஜின் விரலைத் தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஓட்டை வழியே ஊற்றி, நாலு உதை உதைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. அப்போதும் தள்ளாவிட்டால் சந்தேகம் வால்வு மேல். போருக்குப் பணம் கட்டும் முன் ஹெட்டை மட்டும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றிய பிறகு வண்டியை எடுத்தால் சில நிமிடம் புகையாகக் கக்கும். அது நீங்கள் ஊற்றிய ஆயில்தான், பயப்பட வேண்டாம்.