வாடிய ஓர்கிட்டுக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

பலனொப்சிஸ் ஓர்கிட்டின் இலைகள் விறைப்பிழந்து, சுருக்கம் விழுந்து தொங்கினால், செடிக்குத் தாகம் என்று எண்ணி இன்னொரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுவதே நம் வீடுகளில் வழக்கம். ஆனால் தண்ணீர் போதாமல் வாடும் செடியும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய செடியும் இலையில் ஒரே தோற்றத்தையே காட்டும். முதலாவதில் வேர் உறிஞ்ச நீர் இல்லை, இரண்டாவதில் நீரை உறிஞ்ச வேரே இல்லை. இலையை மட்டும் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால், வேர் அழுகிய செடிக்கு எஞ்சியிருந்த ஓரிரு வேர்களும் போய்விடும். நொந்த ஓர்கிட்டுகளை முதலில் வந்த நோயைவிட, அதற்குப்பின் அவசரப்பட்டு அடுக்கடுக்காகச் செய்யப்படும் பரிகாரங்களே அதிகம் சாகடிக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே செடியைச் சாடியிலிருந்து மெல்ல எடுத்து, பழைய ஊடகத்தை (மண்ணுக்குப் பதிலாகச் சாடியில் நிரப்பும் கரி, ஓடு போன்றவற்றை) உதிர்த்து, வேரைக் கழுவிப் பார்க்கும்வரை வேறெந்த வைத்தியமும் வேண்டாம். வீட்டில் வளர்க்கப்படும் ஓர்கிட்டுகளிற் பெரும்பாலானவை மரக்கிளைகளைப் பற்றி வாழும் இனங்களின் வழிவந்தவை. அவற்றின் வேரைச் சுற்றி நுண்துளைகள் நிறைந்த ஓர் உறை உண்டு. அது நனைந்ததும் பச்சையாகவும், காய்ந்ததும் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகவும் மாறும். நல்ல வேரை விரலால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும். அழுகிய வேர் நசுங்கும், உறை கழன்று உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை நம்பி வெட்டுவதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. வெளிச்சம் படாமல் ஊடகத்துக்குள் கிடந்த வேர் மஞ்சளாகவோ தவிட்டு நிறமாகவோ கறைபட்டிருக்கலாம், ஆனால் இறுக்கமாக இருந்தால் அது உயிருள்ள வேரே. சாடிக்கு வெளியே நீளும் வேர்கள் பார்வைக்கு அழகில்லை என்று சிலர் கத்தரித்து விடுகிறார்கள். உள்வேர் அழுகிய செடி பல வேளைகளில் அவற்றைக் கொண்டுதான் உயிர் தப்புகிறது.

அழுகிய வேரை வெட்டும் கத்தியை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு எடுக்க வேண்டும். ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை அப்படியே வெட்டக்கூடாது. ஓர்கிட்டுகளைத் தாக்கும் சில வைரசுகள் இவ்வாறுதான் செடிக்குச் செடி பரவுகின்றன, அவற்றுக்கு மருந்தும் கிடையாது. வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் தூவும் பழக்கம் பலரிடம் உண்டு. இலையில் உள்ள காயத்துக்கு அது பொருந்தும். வேரில் தூவினாலோ, உலர்த்தும் தன்மையால் நல்ல வேரையும் காயவைத்துவிடும்.

மறுபடி நடும்போது தோட்டத்து மண்ணோ கூட்டெருவோ சேர்க்கக்கூடாது. காற்றோட்டமில்லாத எதுவும் இவ்வேர்களை மூச்சுத்திணற வைக்கும். வேர் குறைந்த செடிக்குப் பெரிய சாடி கொடுப்பதும் அதே விளைவைத் தரும், ஏனெனில் உறிஞ்ச வேரில்லாத இடத்தில் ஈரம் தேங்கும். மரக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் நல்ல ஊடகங்கள். தேங்காய்ப் பொச்சை அப்படியே வெட்டிப் போடக்கூடாது; அதில் உப்பும் கறையும் இருப்பதால், சில நாட்கள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவியே பயன்படுத்த வேண்டும். கடையில் வாங்கிய செடிகளின் வேர்க்கட்டுக்கு நடுவே சில வேளைகளில் பாசி இறுக்கி வைக்கப்பட்டிருக்கும்; அதை எடுக்காமல் சுற்றிலும் புதிய ஊடகம் போட்டால் நடுப்பகுதி நனைந்தபடியே கிடந்து அழுகும். நட்ட செடி ஆடினால் புது வேர்நுனிகள் உராய்ந்து முறியும் என்பதால் ஒரு குச்சியில் கட்டிவிடுவது நல்லது.

திருகோணமலையில் ஆண்டு முழுவதற்கும் ஒரே பராமரிப்பு பொருந்தாது. மலைநாட்டுக் குளிர்ச்சியில் வளர்ந்த செடி இங்கு வந்ததும் தடுமாறுவதில் வியப்பில்லை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெப்பமும் உலர்காற்றும் சேர்ந்து சாடியை விரைவில் காயவைப்பதால், அப்போது தண்ணீரைக் குறைப்பது தவறு. நேர்வெயில் படாத, காலை வெளிச்சம் மட்டும் கிடைக்கும் இடத்துக்கு மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டுவதும் தவறே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடை மழைக்காலத்திலோ அதே அளவு தண்ணீர் அழுகலை வரவழைக்கும். பீலிக்குக் கீழோ திறந்த முற்றத்திலோ வைத்த பலனொப்சிஸின் நடுக்குருத்தில் மழைநீர் தேங்கி இரவு முழுதும் நின்றால், குருத்து கறுத்துக் கழன்றுவிடும். இவ்வினத்துக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான். தண்ணீரைக் காலையில் ஊற்றி, குருத்தில் நிற்கும் நீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்தால் இது நேராது. நலிந்த செடியைப் பொலித்தீன் பையால் மூடி ஈரப்பதம் ஏற்றும் முறை குளிர்நாடுகளுக்கு ஏற்றது; நம் வெயிலில் மூடிய பைக்குள் செடி வெந்துபோகும்.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் கடற்காற்றோடு உப்பும் வருகிறது. சில கிணறுகளும் உவர்ப்பு. சாடியின் விளிம்பிலும் கரித்துண்டுகளிலும் வெண்படிவு தெரிந்தால், உப்பு வேரைச் சுடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். வாடை மழையில் பிடித்துவைத்த நீரால் சாடியை நன்றாக அலசி வடியவிடுவதே இதற்கு வழி. இதே காரணத்தால்தான் நொந்த செடிக்குப் பசளையும் ஆகாது: உறிஞ்ச வேரில்லாதபோது அது வெறும் உப்பாகவே தங்கும். புதிய வேர் வந்தபின், பொதியில் குறித்த அளவில் காற்பங்கே போதும், அதுவும் நனைந்த வேருக்கு மட்டும்.

பூத்தண்டை வெட்டப் பலருக்கும் மனம் வராது. எனினும் வேரிழந்த செடியில் பூவை விட்டுவைத்தால், இலையில் சேர்ந்த கொஞ்ச நீரும் உணவும் அதற்கே போய்விடும். வெட்டிக் குவளையில் வைத்தால் பூ சில நாளாவது நிற்கும்.

இதுவரை சொன்னவற்றை எல்லா ஓர்கிட்டுக்கும் பொருத்துவதும் பிழையாகும். டென்றோபியத்தின் இலையுதிர்ந்த பழைய தண்டு செத்ததுபோல் தெரிந்தாலும், பசுமையும் உறுதியும் உள்ளவரை அது நீரும் உணவும் சேர்த்துவைக்கும் இடம், அதை வெட்டக்கூடாது. வண்டாவோ வேர்களை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு வளர்வது, கச்சான் நாட்களில் தினமும் நன்றாக நனைக்கப்பட வேண்டியது.

சுருங்கிய பழைய இலைகள் முன்போல் நிமிராமல் போகலாம். அவற்றைப் பார்த்து வைத்தியத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், வேர் வந்ததா என்று வாராவாரம் பிடுங்கிப் பார்ப்பதும் செடியைப் பின்னுக்கே இழுக்கும். பச்சையோ செம்மையோ பளபளக்கும் புது வேர்நுனியே முதல் நல்ல அறிகுறி, அதற்கு மாதங்கள் ஆகலாம். குருத்துக் கறுத்த பலனொப்சிஸைக்கூட, இறுக்கமான வேர்கள் சில இருக்கும்வரை எறியாதீர்கள், அடியிலிருந்து பக்கக்கன்று வர வாய்ப்புண்டு. இலையும் வேரும் இரண்டுமே போய்விட்டால் செடியோடு ஊடகத்தையும் அகற்றி, சாடியைக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே அடுத்த செடியை அதில் நட வேண்டும்.