குழுப் பணம் பீரோவில் தங்கக் கூடாது: வீட்டையும் ஊர்வேலையையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு கொண்டுவந்த திட்டம் அது. அன்று குழுவில் சேர்ந்த பெண்களின் மகள்களும் மருமகள்களும் இன்று குழுவை நடத்தும் ஊக்குநராகவும், அவருக்குத் துணையாக நிற்கும் பிரதிநிதியாகவும் இருக்கிறார்கள். செல்போனில் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள், வங்கி மேலாளரிடம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். ஆனாலும் ஊராட்சியிலுள்ள குழுக்களின் கூட்டமைப்பில் இவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க, நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகள் திரும்ப வருவது தெரிகிறது. வீட்டில் கட்டட வேலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், குழுப் பொறுப்பு, பள்ளி மேலாண்மைக் குழு என்று எல்லாம் ஒரே ஆண்டில் ஒருத்தியிடம் வந்து சேர்கின்றன.

விடியற்காலையில் எழுவதையும் முதல் நாளே மாவு அரைத்து வைப்பதையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மழை வந்த பிறகு தளத்தை நினைப்பது

ஒழுகும் தளம் ஐப்பசியில்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது கொத்தனார் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் ஈரத் தளத்தில் செய்த வேலை நிற்காது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, மேலே தட்டோடு பதிப்பதென்றால் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் வடியும் குழாய்ப் பக்கம் வாட்டமும் சரியாக அமைய வேண்டும். இதற்குத் தை மாதம் நல்லது.

சரி, பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பொதுத்தேர்வு வந்துவிடும். கீழே பத்தாவது படிக்கும் பிள்ளை, மேலே ஜல்லி தட்டும் சத்தம். சித்திரைக்குத் தள்ளினால் தண்ணீர்ப் பிரச்சினை. சிமெண்டு வேலைக்குக் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில், தளத்தை ஈரமாக வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும், யார் மாடிக்குச் சுமப்பார்கள்? அந்த வேலையும் வீட்டுப் பெண்ணுக்குத்தான். வைகாசி கடைசியில் என்றால் பள்ளி திறக்கும் செலவு. வேலையைத் தொடங்கும் முன் பிள்ளையின் தேர்வு, தண்ணீர், கட்டணம் மூன்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டுப் பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

ஓதம் ஏறிய சுவருக்கு வண்ணம் அடிப்பது

பொங்கலுக்கு அடிப்பார்கள். மாசிக்குள் உரிந்துவிடும்.

குழுப் பணத்தை வீட்டில் வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆறாத விஷயம் இது.

பக்கத்து ஊராட்சியில் ஒரு குழு. 15 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, அதாவது 3,000. குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடனின் தவணையும் வட்டியும் சேர்த்தால் ஒரு கூட்டத்தில் 12,000 ரூபாய்க்கு மேல் வசூலாகும். ஊக்குநராக இருந்த பெண் நல்லவள், சுறுசுறுப்பானவள். அவள் வீட்டில் அந்த ஆண்டு முன்பக்கம் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள், கறவை மாடு, படுத்த படுக்கையான மாமனார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் குழுவையும் நடத்தினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் முடிந்தது. கையில் 12,500 ரூபாய். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது என்பது 2015-லிருந்து உள்ள நடைமுறை. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. ஆகப் பணம் மூன்று இரவு பீரோவில். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாரும் சித்தாள்களும் வாரக்கூலிக்கு வாசலில் நிற்கிறார்கள். கணவர் கையில் பணம் இல்லை.

"பீரோல இருக்குதே, அதுல எடு. செவ்வாக்கெழம பால் பணம் வந்துடும், வெச்சிடலாம்."

4,000 எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை வங்கியில் 8,500 கட்டினாள். ரொக்கப் புத்தகத்தில் 12,500 கட்டியதாக எழுதினாள். செவ்வாய்க்கிழமை பால் பணம் வந்தது. அது சிமெண்டுக் கடைக்குப் போனது. அடுத்த மாதம் ஜன்னலுக்குக் கம்பி, அதற்கடுத்த மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல். ஆடி வருவதற்குள் பாஸ்புக்குக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் 11,000 ரூபாய் வித்தியாசம்.

இவ்வளவும் யாருக்கும் தெரியாது. குழுவில் ஒருத்தியின் கணவருக்கு அவசரமாகக் குடல்வால் அறுவை செய்ய வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவே கூடி 15,000 கொடுப்பதென்று தீர்மானம் எழுதினார்கள். புத்தகத்தில் அதற்கு மேலேயே இருப்பு காட்டியது. மறுநாள் வங்கியில் அவ்வளவு இல்லை. நோயாளியின் மனைவி தண்டல்காரரிடம் வாங்கித்தான் மருத்துவமனையில் கட்டினாள். அப்படியொரு நிலை யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகத்தான் குழு என்ற ஒன்றே உண்டானது.

ஊக்குநர் பிறகு நகையை அடகு வைத்து ஒரு ரூபாய் குறையாமல் கட்டிவிட்டாள். ஆனால் நான்கு பேர் விலகிவிட்டார்கள். மற்றவர்கள் ஒழுங்காகச் சேமிப்பு கட்டவில்லை. தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திரும்பச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் என்று வங்கி பார்க்கும் ஐந்து விதிகளையும் பஞ்ச சூத்திரம் என்போம். அதில் மூன்று ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. வரவிருந்த வங்கிக் கடன் வரவில்லை. அந்தக் கடனை நம்பித் தையல் மெஷின் வாங்க முன்பணம் கொடுத்திருந்தவர்களும் உண்டு.

எனக்குக் கோபம் அந்த ஊக்குநர் மேல் குறைவு. அவள் அந்தப் பணத்தைத் திருடிக்கொள்ளவில்லை. கோபம் இரண்டு பேர் மேல். ஒன்று, "பீரோல இருக்குதே" என்று சொல்லும் வீடு. அதே கணவர் பால் சங்கத்தில் நிர்வாகியாக இருந்து, சங்கப் பணம் ஓர் இரவு வீட்டில் இருந்திருந்தால், "அதுல எடுத்துக் கூலி கொடு" என்று யாராவது சொல்லியிருப்பார்களா? பெண்ணின் கையில் உள்ள பொதுப்பணத்தை மட்டும் அரிசிப் பானையில் சேர்த்து வைத்த சில்லறை போலப் பார்க்கிறார்கள். இரண்டாவது கோபம் குழு மேல். வீடு கட்டிக்கொண்டிருப்பவள் என்று தெரிந்தும் அவளிடமே சாவியும் நோட்டும் பணமும் சேர்த்துக் கொடுத்தார்கள். "அவ பாத்துக்குவா" என்று மற்ற 14 பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே பொறுப்புக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். வீட்டில் கட்டட வேலையோ கல்யாணமோ இருக்கும் ஆண்டில் ஊக்குநர் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொறுப்பு சுற்றி வர வேண்டும் என்றுதான் குழு விதியே சொல்கிறது. மாற்ற முடியாவிட்டால் பணத்தைத் தொடும் வேலையையாவது பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டு நோட்டை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி திறந்திருக்கும் நாளுக்கு முந்தின இரவில் கூட்டம் வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வர முடியாது, அதனால் இரவுக் கூட்டம் தவிர்க்க முடியாதது. ஆனால் எந்த இரவு என்பது நம் கையில் இருக்கிறது.

வசூலான பணத்தை எல்லோர் முன்னும் சத்தமாக எண்ணுங்கள். கடன் கேட்டவர்கள் இருந்தால் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தக் கூட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். பணம் சுற்றிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போக மிச்சமே இருக்காது. மிச்சம் இருந்தால் பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். பழைய குழுக்களில் இந்தப் பெட்டி கட்டாயம் இருந்தது. இப்போது பல குழுக்களில் அது பரணில் கிடக்கிறது. இறக்கிக்கொண்டு வாருங்கள்.

மறுநாள் பணம் கட்டியதும் செல்லானைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு அடுத்த கூட்டத்தில் கையோடு கையாகச் சுற்றவிடுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கு ஒருவர் படித்துக் காட்டட்டும்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் இன்றே பிரதிநிதியிடம் சொல்லுங்கள். எடுத்த நாளைக் குறிப்பிட்டு, உங்கள் பெயரில் உள்கடனாகத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குள்ள அதே வட்டி உங்களுக்கும். நேரில் சொன்னால் அரை மணி நேரம் திட்டுவார்கள். மற்றவர்களாகக் கண்டுபிடித்தால் பிறகு தெருவில் நடக்க முடியாது.

மேஸ்திரியிடம் கணவர் பேசிக்கொள்ளட்டும் என்று விடுவது

பகல் முழுக்க வேலை நடக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாவிட்டால் பூச்சு மெலிந்து போவதை யார் கேட்பது? கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா, சதுர அடிக்கு எவ்வளவு, பூச்சு எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை ஒரு நோட்டில் எழுதி மேஸ்திரியின் கையெழுத்தை வாங்குங்கள். வாரக்கூலிக்கான பணம் வெள்ளிக்கிழமையே தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த வாரம் வேலை வேண்டாம். மேலே சொன்ன கதை முழுவதும் அந்த ஒரு சனிக்கிழமைக் கூலியில் தொடங்கியதுதான்.

பெண் பிள்ளையைக் கணக்கு எழுத உட்கார வைப்பது

"பொண்ணு படிச்சிருக்கா, அவ எழுதிடுவா" என்று எல்லாக் குழுவிலும் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் அந்தப் பிள்ளை தன் பாடத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவின் பேரேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். பையனை யாரும் உட்கார வைப்பதில்லை, அதையும் கவனித்திருக்கிறேன். ரொக்கப் புத்தகம் வரவும் செலவும்தான், கூட்டத்திலேயே எழுதி முடிக்கலாம். தெரியாததைக் கூட்டமைப்புக் கணக்காளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கணக்குப் பழக்கம் வேண்டுமென்றால் விடுமுறையில் சொல்லிக்கொடுங்கள், தேர்வு மாதத்தில் வேண்டாம்.

கூப்பிடும் இடத்துக்கெல்லாம் பெயர் கொடுப்பது

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஊரில் நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே குழுவில் கையெழுத்துப் போட்டுப் பழகிய அதே நான்கைந்து பெண்களின் பெயரைத்தான் இங்கேயும் எழுதுகிறார்கள். கோயில் விழாக் குழு அன்னதானத்துக்கும் அவர்கள்தான். பெயர் மட்டும் இருக்கிறது, ஆள் போவதில்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்க வேண்டிய கூட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

பொறுப்பு ஒன்று போதும். இன்னொன்றுக்குக் கேட்டால், இதுவரை எதிலும் வராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, முதல் கூட்டத்துக்கு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கிராம சபையை மட்டும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள்தான். வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலும் ஊராட்சியின் வரவு செலவும் அங்கேதான் வாசிக்கப்படும். தீர்மானப் புத்தகத்தில் நம் கோரிக்கை ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் சொல்லாமல் கூட்டத்துக்குப் போவது

மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

கூட்டத்தை இழுப்பது

ஏழு மணிக்கென்றால் ஏழுக்கே தொடங்குங்கள். முதலில் வசூல், அடுத்து கடன், அதன் பிறகு மற்ற பேச்சு. தாமதமாக வருபவருக்கு அபராதம் 10 ரூபாய் என்று தீர்மானம் போட்டிருந்தால், ஊக்குநரே தாமதமாக வந்தாலும் அதை வாங்கி அன்றைய வரவில் எழுதுங்கள்.