இதய ஆபரேஷனும் ரத்தப்போக்கும்: மாத்திரையில் நடக்கும் தவறுகள்

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பைபாஸுக்குத் தேதி வாங்கி ஊர் திரும்புகிறவர்களுக்கு, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவதே பெரிய கவலை. எவ்வளவு ரத்தம் போகும் என்பதில் வீட்டு மாத்திரை டப்பாவுக்கும் பங்குண்டு.

முதல் தவறு, ‘ரத்தம் இளக்குற மாத்திரை’ எல்லாவற்றையும் தானாகவே ஒரே நாளில் நிறுத்துவது. குளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாள் முன்பும், பிராசுக்ரெலை 7 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இவை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை, அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க முடக்கிவிடும். புதியவை ஊறி வர அத்தனை நாள் வேண்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. சிக்கல் எங்கே என்றால், பலர் விழுங்கும் கேப்சூலில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மருந்து மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதை விட்டால் மூன்றும் போச்சு. அட்டையைக் காட்டி, தொடர வேண்டியதைத் தனியாக எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஆபரேஷன் தியேட்டரில் ரத்தப்போக்கைக் குறைக்கக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தல்ல. கொள்ளிடக் கரையில் உடைப்பை அடைத்த மண்ணைத் தண்ணீர் அரிப்பதுபோல, உறைந்த ரத்தத்தை உடம்பே கரைக்கப் பார்க்கும். அந்தக் கரைப்பைத்தான் இது தடுக்கிறது. ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மிச்சமிருந்து கசிந்தால் இது போதாது, அதை முறிக்கும் புரோட்டமின் வேண்டும். அதுவும் அளவு மீறினால் தானே கசிய வைக்கும்.

டிரானெக்ஸாமிக் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் டோஸைக் குறைக்க வேண்டும். அளவு ஏறினால் வலிப்பு வரலாம். 2017-இல் வெளியான பெரிய ஆய்வில் இதைப் பெற்றவர்களில் 0.7 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 0.1 சதவீதத்தினருக்கும் வலிப்பு வந்தது. அதனால் பழைய கிட்னி ரிப்போர்ட்டை ‘அது வேற பிரச்சினை’ என்று வீட்டில் விட்டுவராதீர்கள்.

வீடு திரும்பிய பின் தையலில் கசிவு கண்டதும், மாதவிடாய்க்காக வாங்கி வைத்த அதே டிரானெக்ஸாமிக் மாத்திரையைக் கொடுப்பதுண்டு. புது பைபாஸ் குழாயோ செயற்கை வால்வோ உள்ளவருக்கு இது ஆபத்து. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள்.

செயற்கை வால்வில் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர் நடவு முடிந்த கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையும் வாங்கக் கூடாது, இடுப்பில் ஊசியும் போடக் கூடாது. முருங்கைக்கீரையை விடவே வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறையோ, அதை மாற்றாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தால் காலை பஸ்ஸுக்குக் காத்திராமல், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) நோட்டோடு அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.